பெரியப்பா பார்த்த பீட்டில்ஸ் படமும் நான் பார்த்த தொடரும்: எது உண்மை?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். வந்த நாளிலிருந்து இது என் மனதை விட்டுப் போகவில்லை. நேயர் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பெரியப்பா 1970இல் லண்டனில் மாணவராக இருந்தவர். பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைப் பற்றிய 'லெட் இட் பி' ஆவணப்படத்தை அந்த ஆண்டே தியேட்டரில் பார்த்தவர். "படம் முழுக்கச் சண்டை. எழுந்து வெளியே வரும்போது தொண்டை அடைத்துக்கொண்டது" என்று இன்றுவரை சொல்லி வருகிறாராம். நேயர் 2021இல் வெளிவந்த 'கெட் பேக்' தொடரைப் பார்த்திருக்கிறார். அதே நாட்கள், அதே கேமராக்கள், பால் மெக்கார்ட்னி, ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்ற அதே நான்கு பேர். ஆனால் இதில் அவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். இதைச் சொன்னதும், "அப்படியென்றால் நான் பார்த்தது பொய்யா?" என்று பெரியப்பா கோபித்துக்கொண்டாராம். இருவரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி.

பெரியப்பா பொய் சொல்லவில்லை. முதலில் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் அவர் நினைவில் இருக்கும் துக்கம் முழுவதும் திரையிலிருந்து வந்ததா என்று கேட்டால், இல்லை. பெரும்பகுதியை அவரே கையோடு தியேட்டருக்குள் கொண்டுபோனார்.

தேதிகளைப் பாருங்கள். 1970 ஏப்ரல் 10 அன்று பால் மெக்கார்ட்னி குழுவை விட்டுப் பிரிந்த செய்தி பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. மே 13 அன்று நியூயார்க்கிலும், மே 20 அன்று லண்டனிலும் இந்தப் படம் வெளியானது. இடையில் ஆறு வாரம்கூட இல்லை. லண்டனில் முதல் காட்சி பிக்காடில்லி சர்க்கஸில் இருந்த லண்டன் பெவிலியன் தியேட்டரில் நடந்தது. நால்வரில் ஒருவர்கூட வரவில்லை. அந்த வாரங்களில் அந்தப் படத்துக்குள் போய் உட்கார்ந்த இளைஞன் துக்க வீட்டுக்குள் நுழைந்தவனைப் போலத்தான் உட்கார்ந்திருப்பான். துக்க வீட்டில் மாலை போட்டு வைத்திருக்கும் போட்டோவில் போனவர் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்புதானே நம்மை உடைத்துவிடுகிறது?

பழைய படத்திலும் சிரிப்பு நிறையவே இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பார்த்தவர்களே மறந்துவிட்டார்கள். பாலும் ரிங்கோவும் ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிக்கிறார்கள். ஜார்ஜ் ஹாரிசன் வால்ட்ஸ் தாளத்தில் பாட, ஜான் லெனனும் அவர் காதலி யோகோ ஓனோவும் கைகோத்துச் சுழன்று ஆடுகிறார்கள். ரிங்கோ பாதி எழுதிய பாட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். அடுத்து எந்தச் சுரக்கூட்டுக்கு (chord) போகலாம் என்று ஜார்ஜ் பக்கத்தில் நின்று பொறுமையாகக் காட்டிக்கொடுக்கிறார். பால் மணக்கவிருந்த லிண்டாவின் சின்ன மகள் ஸ்டுடியோ முழுக்க ஓடித் திரிகிறாள். எல்லாமே 1970இல் திரையில் இருந்தவை. ஆனாலும், அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மூத்த ரசிகர்கள் முதலில் சொல்வது பாலும் ஜார்ஜும் வாதம் செய்யும் அந்த ஒரு காட்சியைத்தான். பால் ஏதோ விளக்குகிறார். ஜார்ஜ் முகத்தை இறுக்கிக்கொண்டு, நீ எப்படி வாசிக்கச் சொல்கிறாயோ அப்படி வாசிக்கிறேன், வாசிக்கவே வேண்டாம் என்றால் வாசிக்கவில்லை என்ற பொருளில் பதில் சொல்கிறார். சில நிமிடப் பேச்சு, ஐம்பது ஆண்டு நினைவு!

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1969 ஜனவரி 10 அன்று ஜார்ஜ் உண்மையாகவே குழுவை விட்டு வெளியேறினார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த நாள் அது. மதிய உணவு வேளையில் எழுந்து போய்விட்டார். பிறகு பேசிச் சமாதானம் செய்துதான் திரும்பி வந்தார். இந்தச் சம்பவம் பழைய படத்தில் கிடையவே கிடையாது. 'மகிழ்ச்சியான தொடர்' என்று நீங்கள் சொல்லும் 'கெட் பேக்'கில்தான் இருக்கிறது. அதாவது, உங்கள் பெரியப்பா பிரிவுப் படம் என்று நினைவில் வைத்திருக்கும் படத்தில் அந்தப் பிரிவு இல்லை. நீங்கள் சிரிப்புத் தொடர் என்று நினைவில் வைத்திருப்பதில் முழுக் காயமும் இருக்கிறது. ஏன் இப்படி நடக்கிறது என்றால், தொடர் அந்தக் காயத்துக்கு முந்தைய நாட்களையும் பிந்தைய நாட்களையும் காட்டுகிறது. சண்டை போட்டவர்கள் மறுபடி தேநீர்க் கோப்பையோடு உட்காருவதை நாம் பார்த்துவிடுகிறோம்.

இன்னொன்று, காலவரிசை. படம் பிடிக்கப்பட்டது 1969 ஜனவரியில். அதற்குப் பிறகு இந்த நால்வரும் சேர்ந்து 'அபே ரோடு' என்ற முழு ஆல்பத்தையும் முடித்து, 1969 செப்டம்பரில் வெளியிட்டார்கள். 'லெட் இட் பி' படமும் ஆல்பமும் அதற்குப் பிறகு வந்ததால், கடைசியில் எடுத்தது இதுதான் என்று ஒரு தலைமுறையே நம்பியது. திரையில் இருந்தவர்களுக்குத் தாங்கள் பிரியப் போகிறோம் என்று உறுதியாகத் தெரியாது. பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரியப்பாவின் தொண்டை அடைத்ததற்கு இந்த இடைவெளி போதும்.

படத்தின் தோற்றத்தையும் சொல்ல வேண்டும். இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் இதை 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார். முதலில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத்தான் திட்டமிட்டார்கள். பிறகு சினிமாவாக வெளியிட முடிவு செய்து 35 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கினால் மணல் தூவியது போல் புள்ளிகள் தெரியும், நிறம் மங்கும். அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டவும் செய்தார்கள். போதாக்குறைக்கு, முதல் இரண்டு வாரம் ட்விக்கன்ஹாம் ஸ்டுடியோவில் எடுத்தது. ஜனவரிக் குளிரில், பெரிய வெற்றுக் கொட்டகையில், இரவெல்லாம் விழித்துப் பழகிய இசைக்கலைஞர்களைக் காலையில் வரவழைத்தால் யாருடைய முகம்தான் மலர்ந்திருக்கும்?

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தமானது. 1980களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டாக வந்த படம், அதன் பிறகு பல பத்தாண்டுகள் கடைக்கே வரவில்லை. நான் முதலில் பார்த்தது நகலின் நகலான ஒரு கேசட். இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கைக்கு வந்தது. முகங்களெல்லாம் பச்சை பாய்ந்து கிடந்தன. பாலின் தாடி ஒரு கறுப்புத் திட்டு, கண்கள் தெரியவே இல்லை. திரையின் அடிப்பகுதியில் கோடுகள் துள்ளிக்கொண்டே இருந்தன. அந்த இரண்டு நாளில் ஐந்து முறை பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மங்கல்தான் எனக்கு பீட்டில்ஸ். கண்கள் தெரியாத ஒரு முகத்தில் நாம் எதை நினைத்துப் பார்க்கிறோமோ அதுதான் தெரியும். நான் சோகத்தைப் பார்த்தேன். பெரியப்பாவுக்கு அந்தக் கேசட்கூடக் கிடைத்திருக்காது. ஒருமுறை பார்த்ததை நினைவிலேயே வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருப்பார். சரிபார்த்துக்கொள்ள வழியில்லாத நினைவு இறுகித்தான் போகும்.

ரிங்கோவே அந்தப் பழைய படத்தில் மகிழ்ச்சி இல்லை என்று சொல்லியிருக்கிறார். அங்கேயே இருந்தவர் அவர். அவருக்கே அப்படியென்றால், டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்தவரை என்ன சொல்ல?

இப்போது 'கெட் பேக்'. அதன் இயக்குநர் பீட்டர் ஜாக்சனிடம் கிடைத்தது ஏறக்குறைய 60 மணி நேரப் படச்சுருளும் 150 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒலிநாடாவும். அதிலிருந்து எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான தொடரைச் செய்து, 2021 நவம்பர் 25, 26, 27 என்று மூன்று நாட்களில் வெளியிட்டார். ஒலி எல்லாம் ஒற்றைத் தடத்தில் பதிந்தது. பேசுவது கேட்கக்கூடாது என்பதற்காகவே சில நேரம் கிதாரை வேண்டுமென்றே தட்டிக்கொண்டு பேசியிருக்கிறார்கள். கணினிக்குப் பயிற்சி கொடுத்து, கிதார் ஒலியைத் தனியே பிரித்து எடுத்து, அடியில் புதைந்திருந்த பேச்சை மீட்டார்கள். பூச்சாடிக்குள் மறைத்து வைத்த மைக்கில் பதிவான ஒரு உரையாடல் உண்டு. ஜார்ஜ் போன பிறகு ஜானும் பாலும் மதிய உணவின்போது பேசுவது. அவர் மனதைத் தாங்கள் எப்படிக் காயப்படுத்தினோம் என்று பேசுகிறார்கள். அதைக் கேட்டபோது என் பழைய கோபங்கள் பலவும் கரைந்துவிட்டன.

யோகோவைப் பற்றி ஒரு வார்த்தை. அவரால்தான் குழு உடைந்தது என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேர் வளர்ந்தோம். தொடரில் அவர் என்ன செய்கிறார்? ஜானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார், பெரும்பாலும் அமைதியாக இருக்கிறார். இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து, யோகோ ஆம்ப்ளிஃபையர் மேல் உட்கார்ந்ததால்தான் இவர்கள் பிரிந்தார்கள் என்று சொல்வார்கள் பாருங்கள் என்று பால் அங்கேயே சிரித்துக்கொண்டு சொல்கிறார். 1969இல் சொன்னது. அப்படியேதான் சொன்னோம். அந்தப் பெண்மணிக்கு நாம் செய்தது அநியாயம்.

ஆனால் நேயரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 60 மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தவரும் ஒரு மனிதர்தான். 80 நிமிடத்தைத் தேர்ந்தெடுத்த லிண்ட்சே-ஹாக் மட்டும் வெட்டினார், ஜாக்சன் வெட்டவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஜாக்சன் நீளமாக இருக்கத் துணிந்தார். அதுதான் அவருடைய பெரிய கொடை. ஒரு காலை வேளை, ஜான் இன்னும் வரவில்லை. பால் பேஸ் கிதாரை வைத்துக்கொண்டு சும்மா தட்டுகிறார். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார், ரிங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். சில நிமிடங்களில், நம் கண் முன்னால், 'கெட் பேக்' பாட்டு உருவாகிறது. காற்றிலிருந்து! அந்தக் கொட்டாவியை வெட்டியிருந்தால் அந்த அற்புதம் தெரிந்திருக்காது.

பெரியப்பாவும் நீங்களும் சண்டையில்லாமல் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது, மொட்டை மாடி. 1969 ஜனவரி 30, லண்டன் சவில் ரோ 3ஆம் எண் கட்டடம், அவர்களுடைய சொந்த இசை நிறுவனமான ஆப்பிளின் அலுவலகம். மதிய உணவு நேரத்தில் மாடியில் ஏறி ஏறக்குறைய 42 நிமிடம் வாசித்தார்கள். ஐந்து பாட்டுகள், சிலவற்றைத் திரும்பத் திரும்ப. ஜான் யோகோவின் மென்மயிர்க் கோட்டைப் போட்டிருக்கிறார், ரிங்கோ தம் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டை. காற்று மைக்கில் அடிக்காமல் இருக்கப் பெண்களின் ஸ்டாக்கிங்ஸ் வாங்கி வந்து மைக்குகளில் சுற்றியிருக்கிறார்கள். ஓர் உதவியாளர் பாட்டு வரிகள் எழுதிய தாளை ஜானுக்கு எதிரே பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார். எலக்ட்ரிக் பியானோவில் பில்லி பிரஸ்டன். அவர் ஒரு வாரம் முன்பு வந்து சேர்ந்த பிறகுதான் ஸ்டுடியோவிலேயே எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. ஜானும் பாலும் பள்ளிப் பருவத்தில் எழுதிய ஒரு பாட்டைப் பாடும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை நான் எத்தனை முறை பார்த்தாலும் போதவில்லை.

போலீஸ் மேலே வந்ததும் ஆம்ப்ளிஃபையரை அணைக்கிறார்கள். ஜார்ஜ் திரும்பிப் போய் அதை மறுபடி போடுகிறார். இருபது நாள் முன்பு குழுவை விட்டுப் போனவர் அவர்! இந்தக் காட்சி பழைய படத்திலும் உண்டு. பெரியப்பா பார்த்திருக்கிறார்.

இனி நீங்கள் என்ன செய்யலாம்? 'லெட் இட் பி' படத்தையே சீர்செய்து 2024 மே 8 அன்று மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். முகங்கள் தெளிவாக, கண்கள் தெரிய. 'கெட் பேக்'கைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டாதீர்கள், அது அவருக்கு வழக்கு போலத்தான் தோன்றும். அவர் பார்த்த படத்தையே போடுங்கள். முன்னால் ஜாக்சனும் லிண்ட்சே-ஹாக்கும் பேசிக்கொள்ளும் சிறு பகுதி வரும். அதைத் தாண்டிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். இடையில் நிறுத்தாதீர்கள், விளக்கம் சொல்லாதீர்கள். மாடிக் காட்சி முடிந்ததும், அன்றைக்கு எந்தத் தியேட்டர், யாரோடு போனார், வெளியே வந்து எந்தத் தெரு வழியாக நடந்தார் என்று கேளுங்கள். அவர் பார்த்தது பெவிலியன் தியேட்டரில் என்றால், அந்த மாடி அங்கிருந்து சில நிமிட நடைதான். அவர் அன்று அங்கே போய் நின்று அண்ணாந்து பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.