ஒரு ‘த’ விட்டுப்போன கதை

நேயர்களுக்கு வணக்கம்.

நாடுகளுக்கிடையே சமரசம் என்று தலைப்புக் கொடுத்தால் திருக்குறளில் தூது அதிகாரத்தைப் பிரிப்பதுதான் வானொலி மரபு. நான் ஆங்கில டீச்சர். என் கையில் இருப்பது இலக்கணப் புத்தகம். அதனால் ‘த’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். டி, ஹெச், இ. ஆங்கிலத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கண்ணில் படுகிற சொல் அது. நம் ஆட்கள் முதலில் விட்டுவிடுகிற சொல்லும் அதுதான்.

சூளைமேட்டில் ஒரு மாடியறையில் இருபது வருஷத்துக்கும் மேலாகப் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். மாலை ஏழு மணிக்கு ஆரம்பம். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருபவர், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்காருபவர், கொரியர் பையன், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கப் பயப்படும் அம்மா என்று கலவையான கூட்டம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “மேடம், இந்த ‘த’ இல்லாம சொன்னா புரியாதா?”

புரியும்தான். ஆனால் அந்தச் சொல் உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறதே என்பேன். ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால்? நேற்றே பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம். அந்த ‘ஐ’தான் நம்ம ‘த’. வகுப்பு ஒரு நிமிஷம் கப்சிப் ஆகிவிடும். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு அலுக்காத நிமிஷம் அது. என்ன, இந்த வசதி இரண்டாம் வேற்றுமையோடு தீர்ந்துவிடுகிறது. ‘பகுதிகளிலிருந்து’ என்று சொன்னால் எந்தப் பகுதிகள், எல்லாமா, சிலதா என்று தமிழ் வாயைத் திறக்காது.

இந்த உதாரணத்தைச் சும்மா எடுக்கவில்லை. 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர் நடந்தது. அந்த வருஷம் நவம்பர் 22-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபை 242-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. வரைவு பிரிட்டனுடையது. கொண்டுவந்தவர் அந்நாட்டுத் தூதர் காரடன் பிரபு. போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்பது அதில் ஒரு வாசகம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரம் டெரிட்டரீஸ் ஆக்குபைட்’ என்று போகிறது. ‘டெரிட்டரீஸ்’ முன்னால் ‘த’ இல்லை. என் மாணவர் எழுதியிருந்தால் சிவப்புப் பேனாவால் அங்கே ஒரு கூரை போட்டு, அதன் மேல் ‘த’ எழுதியிருப்பேன். பிரெஞ்சு வாசகமோ ‘அந்தப் பகுதிகளிலிருந்து’ என்று படிக்க இடம் தருகிறது.

பிடித்தது எல்லாவற்றிலிருந்தும் என்று எழுதவில்லையே என்றது இஸ்ரேல். போரால் நிலம் சேர்ப்பது கூடாது என்று தீர்மானத்தின் முகப்பிலேயே இருக்கிறதே, பிரெஞ்சில் படித்துப் பாருங்கள் என்றன அரபு நாடுகள். கைதவறி விட்டுப்போன ‘த’ இல்லை அது. தெரிந்தே விட்டது. போட்டிருந்தால் ஒரு தரப்பு ஒத்துக்கொள்ளாது. ‘சில’ என்று எழுதியிருந்தால் மறு தரப்பு எழுந்து போயிருக்கும். தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் ஒரு பொத்தல் வேண்டியிருந்தது, அதை இலக்கணத்தில் வைத்தார்கள்.

அந்தத் தீர்மானத்தைக் கையில் கொடுத்துச் சமரசம் பேச அனுப்பப்பட்டவர் சுவீடன் நாட்டின் குன்னார் யாரிங். அவர் தூதர் மட்டுமில்லை, துருக்கிய மொழிகளை ஆராய்ந்த மொழியறிஞர். பல வருஷம் தலைநகர் தலைநகராக அலைந்தார், பொத்தலை அடைக்க முடியவில்லை. மொழி தெரிந்த ஆளை அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கிற செய்திதான்.

‘த’வுக்கு அடுத்தபடி வகுப்பில் தகராறு வருவது ‘மே’, ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘கேன்’ என்ற கூட்டத்தில். இதற்கும் நமக்குத் தமிழே போதும். ‘வரலாம்’ வேறு, ‘வர வேண்டும்’ வேறு. இந்த ‘லாம்’ எவ்வளவு பெரிய சமாசாரம் என்பதற்கு எத்தியோப்பியாவைச் சொல்வேன். 1889 மே 2-ஆம் தேதி எத்தியோப்பிய மன்னர் மெனலிக்கும் இத்தாலியும் ஊச்சாலே என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அம்ஹாரிக் மொழியில் ஒரு படி, இத்தாலிய மொழியில் ஒரு படி. அதன் 17-ஆம் பிரிவு, மற்ற நாடுகளோடு மெனலிக் தொடர்பு வைத்துக்கொள்வது பற்றியது. அம்ஹாரிக் படியில் இத்தாலியின் உதவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இத்தாலி தன் படியை வைத்துக்கொண்டு, பயன்படுத்தியே தீர வேண்டும் என்றது. ‘லாம்’ என்றால் சுதந்திர நாடு. ‘வேண்டும்’ என்றால் இன்னொருவர் பாதுகாப்பில் இருக்கும் நாடு. மெனலிக் ஒப்பந்தத்தை ஒத்துக்கொள்ள முடியாது என்று தள்ளிவிட்டார். 1896 மார்ச் 1-ஆம் தேதி அட்வாவில் போர் நடந்து இத்தாலி தோற்றது. அந்த வருஷமே அடிஸ் அபாபாவில் புது ஒப்பந்தம் எழுதிப் பழையதை ரத்து செய்தார்கள். போருக்குக் காரணம் ஒரு விகுதிதான் என்று சொல்ல மாட்டேன். இத்தாலிக்கு அந்த நிலத்தின் மேல் கண் இருந்தது. ஆனால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு சொல் கிடைத்தது.

தமிழுக்குக் கிட்டவே வருகிறேன். 2017 கடைசியில் என் வகுப்புக்கு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். கனடா விசாவுக்காகக் காத்திருந்தவர். ஒருநாள் இரண்டு சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார்: ‘யுனைடெட்’, ‘யூனிட்டரி’. “டீச்சர், ரெண்டும் ஒண்டு எண்டுதானே வருது. பிறகேன் இவ்வளவு சண்டை?” என்றார்.

வேர் ஒன்றுதான், வால்தான் வேறு. ‘யுனைடெட்’ என்றால் ஒன்றுபட்ட. பலது சேர்ந்து ஒன்றாக இருக்கலாம். ‘யூனிட்டரி’ என்றால் ஒற்றையாட்சி, அதிகாரம் மையத்திலேயே இருக்கும். இலங்கையின் 1978 அரசியலமைப்பு அந்த நாட்டை ‘யூனிட்டரி’ என்கிறது. 2002 டிசம்பரில் நார்வே நடத்திய ஓஸ்லோ பேச்சில் இலங்கை அரசும் புலிகளும் ஆராய்ந்து பார்க்க ஒத்துக்கொண்டது, ‘யுனைடெட்’ இலங்கைக்குள் ஒரு கூட்டாட்சி அமைப்பை. கூட்டாட்சி என்று நாம் சொல்வதை அவர்கள் சமஷ்டி என்பார்கள். தமிழுக்கும் தமிழுக்குமே ஒரு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சும் சில மாதங்களில் நின்றுபோனது. பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் தாளை எடுத்துவந்த 2017-இல், செப்டம்பரில், புது அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை கொழும்பில் வெளியாகியிருந்தது. அதில் ஒரு வேலை செய்திருந்தார்கள். ‘யூனிட்டரி’ என்ற ஆங்கிலச் சொல் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, சிங்களத்தில் ‘ஏகிய ராஜ்ய’, தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்று எழுதினார்கள். சிங்களச் சொல் பழையது. ஒற்றையாட்சிக்கு ஏற்கெனவே வழங்கி வருவது. தமிழ்ச் சொல் புதிது, மெத்தென்று இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் மொழியில் படித்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு மொழியும் தெரிந்தவர்தான் தூங்க முடியாது. இதையெல்லாம் விளக்கி முடித்தபோது அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அப்ப ஒருத்தரும் பொய் சொல்லேல்லை, என்ன டீச்சர்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்படி மழுப்பி எழுதுவதை நான் குறை சொல்கிறேனா? வகுப்பில் நான் கற்றுத்தருவது தெளிவு. குரோம்பேட்டையில் தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் பேமென்ட்’ என்று மெயில் போட்டுவிட்டாள். ஒரு சின்ன விவரம் கேட்க நினைத்து, ‘எனக்கு ஒரு டவுட்’ என்று நாம் தினம் சொல்வதையே எழுதினாள். அந்த ஆளோ தன் நாணயத்தைச் சந்தேகிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு சுள்ளென்று பதில் போட்டார். ‘கொஸ்டின்’ என்று மாற்றி இன்னொரு மெயில் எழுதியதும் அடங்கினார். அங்கே தெளிவு வேலை செய்தது. ஆனால் எல்லா இடத்திலும் தெளிவு சமாதானம் கொண்டுவரும் என்று இப்போதெல்லாம் நான் சத்தியம் செய்வதில்லை. மழுப்பல் நாள் வாங்கித் தரும். அந்த நாளை என்ன செய்தார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

சமரசம் என்ற சொல்லிலேயே நம் ஊரில் குழப்பம் உண்டு. மீடியேஷனையும் மத்தியஸ்தம் என்கிறோம், ஆர்பிட்ரேஷனையும் மத்தியஸ்தம் என்கிறோம். நடுவர் தீர்ப்புச் சொல்வார். சமரசம் பேசுபவருக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை கிடையாது, பேசவைக்கலாம், அவ்வளவுதான். ஐ.நா. சாசனத்தின் 33-ஆம் பிரிவு இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறது. நம் உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் இருக்கிற சமரச மையத்திலும் அதே கணக்குதான். தெருவில் மட்டும், ‘பஞ்சாயத்து பண்ணி வைக்கிறேன்’ என்று வருபவர் அஞ்சாவது நிமிஷம் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி கேட்பார்.

தீர்ப்புச் சொல்லாமல் எப்படி நடத்துவது என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் போவது கேம்ப் டேவிட்டுக்கு, அமெரிக்க அதிபரின் ஓய்வு இல்லத்துக்கு. 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை, 13 நாள். எகிப்தின் சதாத், இஸ்ரேலின் பெகின், நடுவில் அமெரிக்க அதிபர் கார்ட்டர். இரண்டு விருந்தாளிகளுக்கும் ஆங்கிலம் கற்றுக்கொண்ட மொழிதான். நேருக்கு நேர் உட்காரவைத்தால் சண்டை முற்றியது, பிரித்து வைத்துவிட்டார்கள். அப்புறம் அமெரிக்கர்கள் ஒரே ஒரு வரைவை எழுதி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொண்டுபோனார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கவில்லை. இதில் எது சரியில்லை என்று கேட்டார்கள். 23 வரைவு ஓடியது. எனக்கு இது அப்படியே கட்டுரை நோட்டு திருத்துகிற வேலையாகத் தெரிகிறது. ஒரு வித்தியாசம், இங்கே சிவப்புப் பேனா டீச்சர் கையில் இல்லை.

அதை என் வகுப்பில் ஒருமுறை செய்து பார்த்தேன். ஒரே வீட்டில் கீழ் போர்ஷனில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மாடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி. இரண்டு பேரும் என் மாணவர்கள். சண்டை தண்ணீர் மோட்டாருக்கு. சம்ப் மோட்டார் ஒன்று, போர்வெல் மோட்டார் ஒன்று. ஸ்விட்ச் இரண்டும் மாடிப்படிக்கு அடியில். சம்ப் மோட்டார் போட்டால் தையல் மெஷினையே தோற்கடிக்கிற சத்தம். போர்வெல் மோட்டார் சத்தமே வராது, ஆனால் கரண்ட் அந்த அக்கா மீட்டரில் ஓடுகிறது. தம்பி ராத்திரி பத்தரைக்கு வந்து குளிக்கப் போனால் குழாயில் காற்றுதான் வரும். நல்லா இருந்தபோது ‘அக்கா’, ‘தம்பி’. சண்டை வந்ததும் ‘அந்தம்மா’, ‘மேல் வீட்டு ஆளு’.

ஒருநாள் வகுப்பிலேயே வெடித்தது. இங்கே இங்கிலீஷ் மட்டும்தான் என்றேன். “யூ ஆல்வேஸ் புட் மோட்டார்!” “யூ நெவர் கிவ் வாட்டர்!” அதற்கு மேல் திட்ட இருவரிடமும் இங்கிலீஷ் இல்லை. போர்டில் இரண்டையும் எழுதி, ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’ இரண்டையும் அழித்தேன். அந்த இடத்தில் என்றைக்கு என்று எழுதச் சொன்னேன். யோசித்து யோசித்துப் போன செவ்வாய்க்கிழமை என்று வந்து நின்றது. இரண்டு பேருக்கும் ஒரே செவ்வாய்க்கிழமை.

அடுத்த நாள் ஸ்விட்ச் போர்டுக்கு மேல் ஒட்ட ஓர் அறிவிப்பை, வேண்டுமென்றே ஏழெட்டுப் பிழையோடு எழுதி, தப்பைக் கண்டுபிடியுங்கள் என்று கொடுத்தேன். முதலில் ஸ்பெல்லிங்கைத் திருத்தினார்கள். பிறகு அக்கா ‘மே’யை அடித்துவிட்டு ‘மஸ்ட்’ எழுதினார். தம்பி ‘மஸ்ட்’டை அடித்தார். “அப்ப நானும் உனக்கு ஒரு ‘மஸ்ட்’ போடறேன், அக்கா” என்றார். ‘அக்கா’ திரும்பி வந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். நாலு நாள், ஆறு தாள். கடைசி வரி, ‘ஸ்விட்ச் ஆஃப் மோட்டார்ஸ் பிஃபோர் டென் தர்ட்டி’ என்று நின்றது.

‘மோட்டார்ஸ்’ முன்னால் ‘த’ வரணுமே என்று பேனாவை எடுத்தேன். அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார்.

“இருக்கட்டும் மேடம்,” என்றார் அக்கா. “அப்படியே ஒட்டிக்கிறோம்.”

வணக்கம்.