சிவாலிக் மலையில் யானை எலும்பு எப்படி வந்தது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இமயமலைப் பாறைகளில் ஒரு பெரும் பகுதி, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே முன்பு இருந்த டெத்திஸ் கடலின் அடியில் படிந்தது என்று போன காணொளியில் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்கிறார்: "கடலடியில் படிந்த பாறை என்றால் சங்கும் சிப்பியும்தானே கிடைக்க வேண்டும்? சிவாலிக் மலையில் யானை, குதிரை, குரங்கு எலும்பெல்லாம் கிடைக்கிறதே, எப்படி? அவற்றின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?"

ரொம்ப நியாயமான சந்தேகம். இமயமலையின் தெற்கு அடிவாரத்தில் நீளும் சிவாலிக் குன்றுகள், கடலில் படிந்த பாறை இல்லை. கடல் விலகி வெகுகாலம் ஆன பிறகு ஆறுகள் கொண்டுவந்து போட்ட மண். இமயமலை எழும்ப எழும்ப மழையும் ஆறும் அதை அரித்து, மணலையும் வண்டலையும் அடிவாரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தன. இன்றைய கங்கைச் சமவெளியைப் போல அங்கே ஒரு சமவெளி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த மண்ணின் பாரத்தாலும், பக்கத்தில் எழும் மலையின் பாரத்தாலும் தரை மெல்ல அமிழ்ந்தது; அமிழ்ந்த இடத்தில் மேலும் மண் விழுந்தது. சுமார் 1 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சில லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை இது நடந்தது. மொத்தக் கனம் 5, 6 கிலோமீட்டர். அப்புறம் அந்தச் சமவெளியே நெருக்கப்பட்டு, மடிந்து மேலெழுந்ததுதான் சிவாலிக் குன்றுகள். யானை செத்துக் கிடந்த தரைதான் மலையாகிவிட்டது.

மேலெழும்போது அடுக்குகள் சாய்ந்துபோனதில் நமக்கு ஒரு வசதி. ஓடை வழியாக நடந்தாலே காலத்துக்குள் நடக்கிற மாதிரி. சாம்பல் நிற மணற்கல் வந்தால் அது ஆறு ஓடிய தடம். செம்மண் நிறத்தில் களிக்கல் வந்தால் அது வெள்ளம் பரவி வடிந்த நிலம். அந்தக் களிக்கல்லைக் கிட்டத்தில் பாருங்கள்: கடலை அளவில், எலுமிச்சை அளவில் வெள்ளை உருண்டைகள் இருக்கும். நம் ஊரில் சுக்கான் கல் என்கிறோமே, அதேதான். மழையும் வெயிலும் மாறி மாறி வந்த மண்ணில் சுண்ணாம்பு திரண்டு உருவானது. உச்சி அடுக்குகளில் கூழாங்கல்லும் உருண்டைப் பாறையும் அதிகம். மலை அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது.

சரி, விலங்குகள். 1830களில் சகாரன்பூர் தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஹியூ பால்கனரும், கால்வாய்ப் பொறியாளர் ப்ரோபி காட்லியும் இங்கே எலும்புகளைத் திரட்டினார்கள். சிவாதீரியம் என்று பெயர் வைத்தது அவர்கள்தான். ஒட்டகச்சிவிங்கிக்கு உறவு, ஆனால் குட்டைக் கழுத்து, கனத்த உடம்பு, தலையில் இரண்டு ஜோடிக் கொம்பு. ஸ்டெகோடான் கணேசா என்று பிள்ளையார் பெயரிலேயே ஒரு யானை இனம் உண்டு. அதன் கடைவாய்ப் பல்லைத் திரையில் பாருங்கள். ஓட்டுக்கூரை வீடுகள் வரிசையாக நிற்பது போலக் குறுக்கே முகடுகள். இன்றைய யானையின் பல்லில் தகடுகள் உயரமாக, நெருக்கமாக இருக்கும்; கரடுமுரடான புல்லை அரைக்க அதுதான் தோது.

புல் கதை தனியாகச் சொல்ல வேண்டிய அளவுக்குப் பெரியது. அந்தச் சுக்கான் உருண்டையில் கரிமத்தின் கனமான வகையும் லேசான வகையும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தே அங்கே மரம் இருந்ததா, வெப்பநிலப் புல் இருந்ததா என்று கண்டுபிடிக்கிறார்கள். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து காடு குறைந்து புல்வெளி பரவுகிறது. மரத்தை நம்பிய சிவாபிதேகஸ் என்ற வாலில்லாக் குரங்கு அந்தக் காலத்தை ஒட்டி மறைந்துவிடுகிறது.

பழைய பாடப்புத்தகத்தில் 'மனிதனின் முன்னோர்' என்று ராமாபிதேகஸ் படித்திருப்பீர்கள். 1932இல் இமாசலத்தின் ஹரிதல்யங்கரில் கிடைத்த மேல்தாடைதான் அதற்கு ஆதாரம். பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில் முகத்தோடு ஒரு சிவாபிதேகஸ் மண்டையோடு கிடைத்து, 1982இல் அதன் விவரம் வெளியானது. முகம் மனிதனைப் போல இல்லை, ஒராங்குட்டானைப் போல இருந்தது. ராமாபிதேகஸும் சிவாபிதேகஸில் அடக்கம் என்று இப்போது வைத்திருக்கிறார்கள். அரைத்தாடையை வைத்து முழுக்கதை சொல்லக்கூடாது என்பதற்கு என் மாணவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

வயதுக்கு வருகிறேன். வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அப்போதைய பூமிக் காந்தத்தின் திசையில் திரும்பி நிற்கும். அந்தக் காந்தம் அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரண்டிருக்கிறது. கடைசியாகப் புரண்டது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். அடுக்கடுக்காக மாதிரி எடுத்து அந்த வரிசையைப் படித்து, வயது தெரிந்த புரளல் வரிசையோடு ஒப்பிடுகிறார்கள். எரிமலைச் சாம்பல் அகப்பட்டால் அதற்கு ஆண்டுக்கணக்கே கிடைத்துவிடும். அப்படித்தான் மூன்று விரல் குதிரையான ஹிப்பாரியன் சுமார் 1 கோடியே 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தது என்கிறோம்.

எலும்புக்கு வயது அது கிடந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது. அதனால் ஒரு வேண்டுகோள்: அந்தப் பக்கம் போய் ஏதாவது கண்ணில் பட்டால் பிடுங்கி எடுக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், புவியியல் துறை உள்ள பல்கலைக்கழகத்துக்குச் சொல்லுங்கள். குழந்தைகளோடு போவதென்றால் இமாசலத்தின் சிர்மூர் மாவட்டத்தில், மார்க்கண்டா ஆற்றோரம் சுகேதி புதைபடிவப் பூங்கா இருக்கிறது. அங்கே இந்த விலங்குகளின் உருவங்களை முழு அளவில் செய்து, அவை புதைந்த அதே குன்றுகளின் நடுவே நிறுத்தியிருக்கிறார்கள்.