வந்தவாசிச் சண்டையும் அறுபது மாடுகளும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முப்பது வருஷம் வேலூரில் கடை போர்டு எழுதியவன் நான். மளிகைக் கடை, மருந்துக் கடை, சைக்கிள் கடை, தேர்தல் வந்தால் சுவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பிரஷ்ஷுக்கு வேலை குறைந்துபோனது. ஆனால் பழகின கை சும்மா இருக்காது. அப்படிக் கையில் எடுத்ததுதான் இந்தப் பொம்மைச் சேனை. இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கொலு வைப்பார்கள். கல்யாண செட், கிரிக்கெட் செட், செட்டியார் கடை என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். என் வீட்டில் இருப்பது ஒரு போர்க்கள செட். ஒரே வித்தியாசம், கொலு பொம்மை வைத்த இடத்தில் இருக்கும். இந்தப் பொம்மைகள் நகரும், சுடும், தோற்கும், ஜெயிக்கும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பகடைக் கட்டை உருட்டி ஆடுகிற ஆட்டம் இது. பிரஷ்யா நாட்டு ராணுவம் 1820-களிலேயே தன் அதிகாரிகளுக்கு இப்படி ஒரு மேஜை ஆட்டத்தைப் பாடமாக வைத்தது. நமக்கும் புதிதில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்த சதுரங்கம் நம்முடையதுதானே.

எந்தச் சண்டையைச் செய்வது? நம் பக்கத்தில் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆம்பூர் 1749, ஆற்காடு முற்றுகை 1751, சோளிங்கர் 1781, நம் வேலூர்க் கோட்டை 1806. நான் எடுத்தது வந்தவாசி. 1760 ஜனவரி 22. ஆங்கிலேயர் பக்கம் அயர் கூட், பிரெஞ்சுக்காரர் பக்கம் லாலி. வந்தவாசி இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும், 1989 வரைக்கும் நம் வடஆற்காடுதான். பிரெஞ்சுக்காரர்களின் கை ஒடிந்தது அந்த மண்ணில்தான். சரியாக ஒரு வருஷத்தில், 1761 ஜனவரியில், புதுச்சேரியே விழுந்துவிட்டது.

முதலில் கணக்கு. அயர் கூட்டிடம் ஐரோப்பியர் சுமார் 1,900 பேர், நம் நாட்டுச் சிப்பாய்கள் 2,100 பேர், குதிரைக்காரர் 1,250 பேர். லாலியிடம் ஐரோப்பியர் 2,250, சிப்பாய்கள் 1,300. இத்தனை பேரையும் வைக்க ஊர் மைதானம் வேண்டும். அதனால் இருபத்தைந்து பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்துக்கொண்டேன். ஆங்கிலேயர் பக்கம் 76, 84, 50. பிரெஞ்சுப் பக்கம் 90, 52. ஆக 352. லாலிக்குத் துணையாக வந்த மராத்தியக் குதிரைப்படை சண்டையில் இறங்காமல் ஒதுங்கி நின்றது. அவர்களுக்காகப் பத்துக் குதிரையை மேஜை ஓரத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

பொம்மை எவ்வளவு பெரிது என்றால், எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஒரு ஆள் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உங்கள் கட்டைவிரலை நீட்டிப் பாருங்கள், மேல்கணு அளவு. பிளாஸ்டிக்தான், வளைந்து கொடுக்கிற மெத்துப் பிளாஸ்டிக். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். போர்டு எழுதின பழக்கத்தில் எனாமல் பெயின்ட் எடுத்து முதல் நாற்பது பேருக்கு அடித்தேன். பளபளவென்று வந்தது. சித்திரை வெயிலில் மாடி அறையில் பத்து நாள் இருந்தது, அவ்வளவுதான். துப்பாக்கி லேசாக வளைந்தால் போதும், பெயின்ட் வெங்காயத்தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. நாற்பதும் போச்சு.

இப்போது நான் செய்வது இது. பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் பொம்மைகளை ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போய்விடும். காய்ந்த பிறகு, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு கோட். அது தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், வளைந்தால் கூடவே வளையும். அதற்குமேல் அக்ரிலிக் பெயின்ட். வேலூர் வெயிலில் அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். அதற்கும் வழி உண்டு. டிபன் பாக்ஸ் மூடியில் ஈரத்துணியை மடித்து வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அந்தப் பேப்பரில் பெயின்ட்டைக் கலக்குங்கள். காலையில் கலந்தது சாயந்திரம் வரை ஈரமாகவே இருக்கும். மறுபடியும் சொல்கிறேன், சோப்பு, ஃபெவிகால், அதற்கப்புறம்தான் பெயின்ட்.

பெட்டியில் வருகிற பொம்மைகள் பெரும்பாலும் ஐரோப்பியச் சிப்பாய்கள். நம் ஆட்களை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். பிளேடால் தொப்பியைச் சீவிவிட்டு, குழாய் ஒழுகலை அடைக்கிற எம்-சீலை நூல் மாதிரி உருட்டித் தலையைச் சுற்றிக் கட்டினால் தலைப்பாகை. முழங்காலுக்குக் கீழே காலுறையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெறுங்கால் நிறம். எண்பத்து நான்கும் ஐம்பத்திரண்டும், ஆக நூற்று முப்பத்தாறு தலைப்பாகை. பாதிப் பேருக்குச் சிவப்புச் சட்டை, பாதிப் பேருக்கு அவரவர் வெள்ளை அங்கி.

அப்புறம் ஒவ்வொருவர் காதிலும் ஒரு கடுக்கன் வைத்தேன். குண்டூசி முனையில் மஞ்சள் பெயின்ட்டைத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். சிலர் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு. ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கேட்பார்கள். நம் வேலூர்க் கோட்டைக்குள் போய்வருகிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கடுக்கன் போடாதே, நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு, தோல் சின்னம் வைத்த இந்தப் புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று உத்தரவு போட்டதற்குத்தானே 1806 ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்குள் கோட்டை பற்றி எரிந்தது. வந்தவாசியில் நின்றவர்கள் அதற்கு நாற்பத்தாறு வருஷம் முந்தியவர்கள். அவர்கள் காதில் கடுக்கன் இருந்தது. 2,100 என்று ஒரு எண்ணாக எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஒருவர் பேர்கூட நமக்கு இல்லை. கடுக்கனாவது இருக்கட்டும்.

இனி மாடுகளுக்கு வருகிறேன். என் மேஜையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, சண்டையில் எதற்கு இத்தனை மாடு என்றுதான். அறுபது மாடு இருக்கிறது. உண்மைக் கணக்குக்கு வைத்தால் வீடு கொள்ளாது. பீரங்கியை இழுத்தது மாடு. குண்டு, மருந்து, அரிசி, கூடாரம், அதிகாரிகளின் பெட்டி படுக்கை, எல்லாம் மாட்டு முதுகிலும் மாட்டு வண்டியிலும்தான் போனது. மாடு இல்லையென்றால் சேனை நகராது. சும்மா சொல்லவில்லை. இதே அயர் கூட் இருபது வருஷம் கழித்து ஹைதர் அலியோடு சண்டை போட வந்தபோது, மாடு கிடைக்காமல், அரிசி கிடைக்காமல் தவித்த தவிப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஜெயித்த பிறகும் துரத்திக்கொண்டு போகமுடியாமல் நின்றிருக்கிறார். 1782 ஜனவரியில் நம் வேலூர்க் கோட்டைக்குள் பசியோடு அடைபட்டிருந்தவர்களுக்கு அரிசி கொண்டுவந்து சேர்த்தாரே, வழியிலேயே அவருக்கு உடம்பு முடியாமல் போய், பிழைப்பாரா என்ற நிலையிலும் வந்தாரே, அந்த அரிசி எதன் முதுகில் வந்தது?

அதனால் மாட்டைச் சரியாகச் செய்யவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். செம்புக் கம்பியை முறுக்கி எலும்பு மாதிரி கட்டி, அதன்மேல் எம்-சீல். எம்-சீலின் இரண்டு பாகத்தையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்துவிட்டால் கையில் அரைமணி நேரம்தான் இருக்கிறது, அப்புறம் கெட்டிப்பட்டுவிடும். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு திமில், அலைதாடி, கொம்பு எல்லாம் எடுக்க வேண்டும். மொத்த உயரம் இரண்டு சென்டிமீட்டர். எட்டு மாடு முடிந்ததும் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் வண்டியில் பூட்டிப் பார்த்தால் ஏதோ ஒட்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கை எடுத்துத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு பொய்கைச் சந்தைக்குப் போனேன். பொய்கை மாட்டுச் சந்தை உங்களுக்குத் தெரியும். கையின்மேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே வயசான தரகர் ஒருவர் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு மாட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி, இது கறக்கிறதுக்கு நிக்கிற மாதிரி நிக்குது?" என்றார்.

"இல்லீங்க பெரியவரே, இது பீரங்கி இழுக்கிற மாடு."

"இழுக்கிற மாடு தலைய தூக்கினு நிக்குமா? எழுந்திரு."

என்னைக் கூட்டிக்கொண்டு போய், மண்மேட்டில் பாரவண்டி ஏறுகிற இடத்தில் நிறுத்தினார். "கழுத்தப் பாரு. நுகத்தடிக்கு முன்னால எப்படி எறங்கிப் போச்சு பாரு. திமிலு மேல தள்ளினு வருது. பின்கால் ரெண்டும் ஒண்ணாவா இருக்குது? ஒண்ணு பின்னாடி ஊனிக்கினு, ஒண்ணு எடுத்து வைக்குது. வாலப் பாரு, சும்மாவா தொங்குது?" வால் இறுகி, அடியில் கொஞ்சம் வளைந்து நின்றது. அதுவரைக்கும் நான் மாட்டு வாலைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். "இடத்து மாடும் வலத்து மாடும் ஒரே மாதிரி செய்யாத. ஒண்ணு எப்பவும் கொஞ்சம் ஏமாத்தும்" என்றார் கடைசியாக.

வீட்டுக்கு வந்து எட்டையும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இப்போது முப்பது ஜோடியிலும் ஒரு மாடு அரை அடி பின்தங்கியிருக்கும், பொம்மை அளவில் ஒரு அரிசியின் அகலம். வண்டிக்கு ஏர்க்கால் கோரைத் தட்டை. வந்தவாசிப் பாயிலிருந்து உருவியது. வந்தவாசிச் சண்டைக்கு வந்தவாசிக் கோரை இல்லாமலா? தரைக்குப் பாலாற்று மணல், டீ வடிகட்டியில் சலித்தது.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார். சண்டை எப்படி நடந்தது, அதை எப்படி ஆடுவது என்று சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். லாலியின் வலது பக்கத்தில் லோரேன் ரெஜிமென்ட், நானூறு பேர், என் கணக்கில் பதினாறு பொம்மை. நெருக்கமாக அணிகட்டிக்கொண்டு துப்பாக்கி ஈட்டியோடு ஓடிவந்தார்கள். கூட் ஐம்பது கஜம் வரும்வரை சுடவிடவில்லை. அதோடு அந்தப் பக்கம் முடிந்தது. இடது பக்கத்தில், ஏரிக்கரையில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த வெடிமருந்து வண்டிமேல் ஒரு குண்டு விழுந்து வெடித்து, ஏறக்குறைய எண்பது பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். என் மேஜையில் அந்தப் புகை இலவம்பஞ்சு, அடியில் கரி தடவியது. இடத்தை மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டார். ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த வண்டிக்காக ஒரு கட்டை உருட்டவேண்டும். ஒன்று விழுந்தால் வெடித்துவிடும்.

போன மாதம் என் பேத்தி பிரெஞ்சுப் பக்கம் எடுத்து ஆடினாள். கட்டையை உருட்டுவதற்கு முன்னாலேயே, வண்டியில் இரண்டு மாட்டைப் பூட்டி, ஏரிக்கரையிலிருந்து ஓட்டிக்கொண்டுபோய்க் கூடாரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். "தாத்தா, மாடு இருக்குதில்ல?" என்றாள். அன்றைக்கு வந்தவாசியில் லாலி ஜெயித்தார்.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.