ஆயிரத்து ஐந்நூறு கடிதங்கள்

அவைத் தலைவர் அவர்களே, கிளைச் சங்கத்தின் பொறுப்புகளை இன்று ஏற்றுக்கொள்ளும் செவிலியச் சகோதரிகளே, சகோதரர்களே, வணக்கம்.

சங்கப் பொறுப்பு என்றவுடன் மேடையும் பொன்னாடையும் முன்வரிசை நாற்காலியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தபால் வேலை. நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனபின், ஊதியம் எதுவும் இல்லாமல், பதில் போடாதவர்களுக்கு மீண்டும் எழுதிக்கொண்டிருக்கும் வேலை. இதை விளங்கச் சொல்ல, நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கச் செவிலியர் ஒருவரை உங்கள் முன் நிறுத்துகிறேன்.

அவர் பெயர் மார்த்தா மினெர்வா பிராங்க்ளின். 1870-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். 1897-இல் பிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளியில், தம் வகுப்பின் ஒரே கறுப்பின மாணவியாகத் தேறியவர். அந்நாட்டில் அப்போதே தேசியச் செவிலியர் சங்கம் ஒன்று இருந்தது. ஆனால் கறுப்பினச் செவிலியரின் குறைகள் அதன் கூட்டங்களில் பேசுபொருளாகவில்லை. தம்மைப் போன்றவர்கள் எங்கே, என்ன நிலையில் வேலை பார்க்கிறார்கள் என்று பிராங்க்ளின் கடிதம் வழியே விசாரிக்கத் தொடங்கினார். பிறகு, ஒன்றுகூடலாம் என்று அழைத்து, தம் கைப்பட ஆயிரத்து ஐந்நூறு கடிதங்கள் எழுதினார். உள்நாட்டுக் கடிதத்துக்கு அன்று இரண்டு சென்ட் தபால்தலை. கணக்குப் போட்டால் தபால் செலவு மட்டும் முப்பது டாலர், அதுவும் சொந்தப் பணம்.

1908 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில், லிங்கன் மருத்துவமனையின் முன்னாள் மாணவியர் அழைப்பின் பேரில், ஒரு தேவாலயத்தில் கூட்டம் கூடியது. ஆயிரத்து ஐந்நூறு கடிதங்களுக்கு வந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர். நம் பொதுக்குழுவுக்கு ஆள் வரவில்லை என்று சோர்ந்துபோகும் செயலாளர்கள் இந்த விகிதத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பட்டம் பெற்ற கறுப்பினச் செவிலியரின் தேசியச் சங்கம் அந்த ஐம்பத்திரண்டு பேரைக் கொண்டே தொடங்கியது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்துக்கும் அதே 1908-தான் தோற்ற ஆண்டு என்பதை இடையே சொல்லிவைக்கிறேன். அந்தக் கறுப்பினச் செவிலியர் சங்கத்தில் 1912-இல் 125 பேர் உறுப்பினராக இருந்தனர். 1920-இல் 500 பேர்.

பிராங்க்ளின் இரண்டு ஆண்டுகள் தலைவராக இருந்தார். பிறகு நாற்காலியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தார். சங்கம் அவரை வாழ்நாள் கௌரவத் தலைவராகவும் நிரந்தர வரலாற்றுப் பதிவாளராகவும் வைத்துக்கொண்டது. இந்த இடத்தில் சற்றே நிற்க விரும்புகிறேன். வார்டில் நாம் ஒவ்வொரு படுக்கையாகச் சென்று, எந்த நோயாளிக்கு என்ன மருந்து போயிற்று, எது பாக்கி என்று அடுத்த ஷிப்டுக்குச் சொல்லி ஒப்படைக்காமல் வெளியே கால் வைப்பதில்லை. அதே நாம் சங்கத்தில், முத்திரையையும் ரசீதுப் புத்தகத்தையும் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, தேர்தல் முடிந்து ஆறு மாதமாகியும் தர மறுத்த ஒரு பொறுப்பாளரைப் பார்த்திருக்கிறோம். அவருக்காகப் பரிந்து பேசியவர்களில் நானும் ஒருத்தி என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

1916-இல் பிராங்க்ளினின் சங்கத்துக்குத் தலைமையேற்ற ஏடா தாம்ஸ் 1923 வரை அப்பொறுப்பில் இருந்தார். அந்த ஆண்டுகள் முழுவதும் லிங்கன் மருத்துவமனையில் செவிலியர் பள்ளியை நடத்தும் வேலையையும் அவரே செய்தார். ஆனால் இயக்குநர் என்ற பதவிப் பெயர் நிறத்தின் காரணமாக அவருக்குத் தரப்படவில்லை. முன்பே இருந்த அந்தப் பொதுத் தேசியச் சங்கத்தில் மாநிலச் சங்கங்களின் வழியாகத்தான் சேரலாம் என்ற விதி வந்ததும் அவர் காலத்தில்தான். தென் மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. ஆகவே விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமலே கதவு சாத்தப்பட்டது. சங்க விதிகளைத் திருத்தும் குழுவில் இடம்பெறுவோர் இதை மறக்கக்கூடாது. முதல் உலகப் போரின்போது, படைச் செவிலியர் பிரிவில் கறுப்பினச் செவிலியரைச் சேர்க்குமாறு தாம்ஸ் விடாமல் வாதாடினார். போர் ஓய்ந்து, இன்ஃபுளுயன்சா பரவியிருந்த 1918 டிசம்பரில்தான் பதினெட்டுப் பேர் அழைக்கப்பட்டார்கள்.

இருபத்தாறு ஆண்டுகள் கறுப்பினச் செவிலியரின் சங்கம் ஊதியம் பெறும் நிர்வாகி ஒருவரும் இல்லாமல் நடந்தது. தொண்டு என்ற சொல்லைக் கேட்டாலே உருகிப்போகும் நம்மில் சிலருக்கு இது பெருமையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. களைத்துப்போன மனிதரின் ஓய்வு நேரத்தால் மட்டும் ஒரு நாட்டின் கொள்கையை மாற்ற முடியாது. 1934-இல் மேபெல் ஸ்டாப்பர்ஸ் ஊதியம் பெறும் நிர்வாகச் செயலாளராக அமர்த்தப்பட்டார். எஸ்டெல் ஆஸ்போர்ன் தலைவரானார். சங்கத்தின் வேகம் கூடியது அதன் பிறகுதான்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல் ராணுவம் கறுப்பினச் செவிலியருக்கு ஒதுக்கிய இடங்கள் வெறும் ஐம்பத்தாறு. 1945 ஜனவரியில், செவிலியர் போதவில்லை, கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்தபோது, பயிற்சி பெற்ற கறுப்பினச் செவிலியர் காத்திருக்கையில் அவர்களை ஏன் அழைக்கவில்லை என்று ஸ்டாப்பர்ஸ் பகிரங்கமாகக் கேட்டார். தந்திகளும் கடிதங்களும் வாஷிங்டனில் குவிந்தன. அந்த ஜனவரி முடிவதற்குள் ராணுவமும் கடற்படையும் தடையை நீக்கின. பிராங்க்ளின் எழுதிய கடிதங்களுக்கு ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். ஸ்டாப்பர்ஸின் ஒரு கேள்விக்கு நாடெங்கிலுமிருந்து கடிதங்கள் வந்தன. இடையில் முப்பத்தேழு ஆண்டு உழைப்பு இருந்தது.

1948-இல் பொதுத் தேசியச் சங்கம் கறுப்பினச் செவிலியருக்கு நேரடி உறுப்புரிமை தந்தது. ஆஸ்போர்ன் அதன் இயக்குநர் குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அதன் பிறகு இவர்கள் செய்தது அபூர்வமானது: வந்த வேலை முடிந்தது என்று, 1951-இல் தங்கள் சங்கத்தைத் தாங்களே கலைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் தேறிய முதல் கறுப்பினச் செவிலியரான மேரி மஹோனி பெயரில் 1936-இல் தாங்கள் தொடங்கிய விருதையும் பொதுத் தேசியச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். இன்றும் அது வழங்கப்படுகிறது. ஆயினும் 1971-இல் கறுப்பினச் செவிலியர் மீண்டும் ஒரு தேசியச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. கலைத்தது அவசரமோ என்று கேட்பவர்கள் உண்டு. கலைத்தவர்களும் சரி, மீண்டும் தொடங்கியவர்களும் சரி, தங்கள் காலத்தின் தேவையைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது ஒரு வேண்டுகோள். புதிய செயலாளருக்கு மாலை அணிவிக்கும் முன், பழைய செயலாளர் உறுப்பினர் பதிவேட்டையும் சந்தாக் கணக்கையும் முத்திரையையும் இந்த மேசையில் வைத்து, எது முடிந்தது, எது பாக்கி என்று வார்டில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டில் முகவரி மாறியவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு எழுதும் வேலையில் முதல் இருபது கடிதங்களை நான் எழுதுகிறேன்.