திருவாதிரையின் வெளிச்சத்தைக் கண்ணால் அளக்கலாம்

எல்லோருக்கும் வணக்கம். வாணியம்பாடியில் கூடியிருக்கிறோம், ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தபோது, அந்த விண்மீன் சில விநாடி மங்கி மீண்டது அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவானது. விண்மீனை மறைத்தது வளையம். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று அந்த இரவின் பதிவுகளால்தான் உலகம் அறிந்தது. வெளிச்சம் குறைகிறதா என்று கவனிப்பதே அங்கே நடந்த வேலை. அதை மொட்டைமாடியில் வெறுங்கண்ணோடு செய்யத் திருவாதிரை போதும்.

குப்பம் பக்கம் ஆருத்ரா என்பார்களே, அதே செவ்விண்மீன்தான். 2019 அக்டோபரில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் அதன் வெளிச்ச எண் 1.6 என்ற அளவுக்கு மங்கியது. ஓரையன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்தின் மற்றத் தோளில் உள்ள பெல்லாட்ரிக்ஸும் அதுவும் அப்போது ஒரே வெளிச்சம். தான் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி அதையே மறைத்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இந்த 1.6 என்ற கணக்கை 1856-இல் வகுத்த நார்மன் போக்சன், பின்னாளில் சென்னை வானாய்வகத்தின் தலைவராகி 1891-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். எண்ணில் ஒரு படிக்கு வெளிச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மாறும். எண் ஏற ஏற வெளிச்சம் குறைவு. அவரிடம் பணிசெய்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி ஒளி மாறும் விண்மீன் என்று கண்டுபிடித்தார். அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது பெரிய குறை.

இனி வேலைக்கு வருவோம். விளக்கை அணைத்து இருபது நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். ஒப்பிட இரண்டு விண்மீன்கள்: புரோசியான் 0.4, ரோகிணி 0.9. இடைவெளியை ஐந்து பங்காக்குங்கள். திருவாதிரை புரோசியானைவிட இரண்டு பங்கு மங்கலாக, ரோகிணியைவிட மூன்று பங்கு பிரகாசமாகத் தெரிந்தால் 0.6. ரோகிணியைவிட மங்கியிருந்தால் அதற்கும் பெல்லாட்ரிக்ஸுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள்.

தவறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நேரும். ஒன்று, உற்று நோக்குவது. செவ்விண்மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கண்ணுக்கு மேலும் மேலும் பிரகாசமாகத் தெரியும். ஒரு பார்வை, உடனே அடுத்த விண்மீன். இப்படி மாறிமாறிப் பாருங்கள். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம். புள்ளிகள் மூன்றும் வட்டங்களாக மலர்ந்தால் ஒப்பிடுவது எளிது. இரண்டாவது, உயரம். அடிவானத்தை ஒட்டினால் காற்றும் புழுதியும் வெளிச்சத்தைத் தின்றுவிடும். பிப்ரவரி நடுவில் இரவு எட்டரை, ஒன்பது மணிக்குத் திருவாதிரை உச்சியை ஒட்டி இருக்கும். ரோகிணி மேற்கே, புரோசியான் கிழக்கே, இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். அந்த நேரம் தப்பக்கூடாது.

குறிப்பேட்டில் தேதி, மணி, ஒப்பிட்ட விண்மீன்கள், நிலா, மேகம் எல்லாம் வேண்டும். நாட்களைத் தொடர் எண்ணாக எண்ணும் வானியலாளர்களின் ஜூலியன் நாள் நம் கடிகாரப்படி மாலை 5.30-க்கு மாறுவதால், இரவு முழுவதும் ஒரே நாள் எண்தான். நமக்கு அது பெரிய வசதி. வாரம் ஒரு முறை போதும். ஆனால் போன வாரத்து எண்ணைப் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். கண் அதையே திரும்பச் சொல்லும். மே கடைசியில் திருவாதிரை சூரியன் பக்கம் போய்விடும். ஆகஸ்டில் விடியற்காலைக் கிழக்கில் மறுபடி பிடிக்கலாம்.