ஜீப்ரா பிளெக்கோ குஞ்சுகள்: முதல் ஆறு வாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கெளுத்தி என்றதும் நீண்ட மீசையும் வழுவழுப்பான உடம்பும் கண்முன் வரும். இன்று பேசப்போவது கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். ஆள்காட்டி விரல் நீளம்தான் வளரும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, வெள்ளையில் கறுப்பு வரி, வாய் அடிப்பக்கத்தில். பெயர் ஜீப்ரா பிளெக்கோ. பிரேசிலில், ஷிங்கு ஆற்றின் ஒரு பெரிய வளைவில், பாறை இடுக்குகளில் வாழும் மீன். அறிவியல் பெயர் கிடைத்ததே 1991-ல்தான். அங்கே கட்டிய பெலோ மான்ட்டே அணை 2016-ல் மின்சாரம் தர ஆரம்பித்தது. வளைவுக்குப் போகவேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி இப்போது கால்வாயில் போகிறது. ஆகவே வீட்டுத் தொட்டியில் பிறக்கிற ஒவ்வொரு குஞ்சும் கணக்கில் வரும். அதிலும் இது ஒரு ஈட்டுக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைதான் போடும். நூறு குஞ்சில் ஐம்பது போனால் என்ன என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பெரிய மீன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு மீன், நூறு லிட்டர் தொட்டி, 28 டிகிரி வெப்பம், நல்ல நீரோட்டம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். அதனால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். மேலிருந்து பார்த்தால் ஆணின் தலை அகலமாக இருக்கும், செவுள் ஓரத்தில் முள் நீண்டிருக்கும். பெண்ணுக்குத் தலை குறுகல், வயிறு உருண்டை. பிளெக்கோதானே, பாசி தின்று பிழைக்கும் என்று விட்டுவிடாதீர்கள். இது புழுவும் இறாலும் கேட்கிற மீன்.

அடுத்தது குகை. படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை, எனவே கையை வைத்துச் சொல்கிறேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் சற்று விரிந்த நீளம், அதாவது 12 முதல் 15 சென்டிமீட்டர். வாயின் அகலம் இரண்டு விரல், 3 முதல் 4 சென்டிமீட்டர். ஒரு முனை மூடியிருக்கவேண்டும். ஆண் உள்ளே நுழைந்தால் அதன் பக்கத் துடுப்புகள் இரண்டு சுவரையும் உரசவேண்டும். ஏன் இவ்வளவு இறுக்கம்? முட்டை போடும்வரை பெண்ணை உள்ளே வைத்து ஆண் வாசலை அடைத்துக்கொள்ளும், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட. வாய் அகலமாக இருந்தால் பெண் வெளியேறிவிடும். பிறகு முட்டைகளைத் துடுப்பால் விசிறும்போதும் ஆணால் தண்ணீரை உள்ளே தள்ள முடியாது.

முட்டை போடவைக்க, கோடையையும் மழையையும் தொட்டிக்குள் காட்டவேண்டும். இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, வெப்பத்தை 30-க்கு ஏற்றுங்கள். பிறகு ஒருநாள், மூன்று டிகிரி குளிர்ந்த மென்னீரால், அதாவது உப்புச்சத்து குறைந்த தண்ணீரால், பாதித் தொட்டியை மாற்றுங்கள். இப்படி மூன்று நான்கு நாள். முதல் ஈட்டை அனுபவமில்லாத ஆண் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். பதறவேண்டாம், அடுத்ததோ அதற்கடுத்ததோ நிற்கும்.

ஏறக்குறைய ஆறேழு நாளில் பொரியும். பொரித்தது மீன் மாதிரியே இருக்காது. ஒரு ஆரஞ்சுப் பந்து, அதில் ஒட்டிய சிறு வால். அந்தப் பந்துதான் கட்டுச்சோறு. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு வேறு உணவு தேவையில்லை. தேவையில்லை என்றால் தேவையே இல்லை. அந்த நாள்களில் எதைப் போட்டாலும் அது அழுகத்தான் போகிறது.

சாவு வருவது அதற்குப் பிறகு. இதை அழுத்திச் சொல்கிறேன்: முட்டையில் தப்பி, பொரிப்பில் தப்பி, மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் நடுவில்தான் குஞ்சுகள் போகின்றன. வரி விழுந்து, பார்க்க அழகாக இருக்கிற நேரத்தில். போட்டவர் என்ன சொல்வார்? “நன்றாகத்தான் சாப்பாடு போட்டேன்” என்பார். அதுதான் காரணம்.

இந்தக் குஞ்சு உணவைத் தேடி நீந்தாது. கிடக்கிற இடத்தில், வாய்க்கு அருகே இருப்பதைத்தான் தின்னும். எட்டட்டும் என்று நாம் நிறையப் போடுகிறோம். மிச்சம் அழுகுகிறது, அமோனியா வருகிறது, அடித்தரையில் ஆக்சிஜன் குறைகிறது. குஞ்சு வாழ்வதும் அதே அடித்தரையில், அரை அங்குல உயரத்துக்குள். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், கீழே நஞ்சு.

அதனால் முதல் ஆறு வாரம் குஞ்சுகளைச் சிறிய இடத்தில் வையுங்கள். பெரிய தொட்டியின் உட்புறம் தொங்குகிற நான்கைந்து லிட்டர் பெட்டி போதும். ஏர் குழாய் வழியே பெரிய தொட்டித் தண்ணீர் அதற்குள் ஏறி வழிந்துகொண்டே இருக்கவேண்டும். மணல் வேண்டாம். ஒளிய ஒரு காய்ந்த பாதாம் இலை, ஒரு சிறு கட்டைத் துண்டு. பத்துக் குஞ்சுக்கு ஒரு வேளை உணவு, தூளாக்கிய மூழ்கும் தீனி என்றால் இரண்டு கடுகளவு. காலையில் ஒன்று, விளக்கணைக்கும் முன் ஒன்று. இரவில்தான் நன்றாகத் தின்னும்.

இப்போது என் பல்லவி. ஒரு மெல்லிய ஏர் குழாய், முனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் குச்சிக்குழல். காலையும் மாலையும், புதிய உணவு போடும் முன், பழைய மிச்சத்தை அதனால் உறிஞ்சி வெளியே எடுங்கள். வாளியில் விடுங்கள், நேரே சாக்கடையில் விடாதீர்கள். குஞ்சு ஒன்றிரண்டு கூடவே வந்திருக்கும். நத்தை விட்டால் அது தின்றுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தின்னும். தின்றதை அதே தண்ணீரில்தானே கழிக்கும்? குழாயால் எடுத்தால் தொட்டியை விட்டே போய்விடுகிறது.

தின்றதா என்று அறிய ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறாலின் குஞ்சு போல் வேறில்லை. ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் உப்பு, அதில் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து காற்று, மேலே விளக்கு, 27 டிகிரி. ஒரு நாள், ஒன்றேகால் நாளில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடு மேலே மிதக்கும், பொரியாதது அடியில் தங்கும்; நடுவிலுள்ள ஆரஞ்சு மேகத்தை மட்டும் இழுத்து, துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஓடு வயிற்றில் போனால் குடல் அடைக்கும். போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியின் அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: வயிறு இளஞ்சிவப்பாக உப்பியிருந்தால் சாப்பிட்டது, உள்வாங்கி வெளுத்திருந்தால் பட்டினி. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் உயிரோடிருக்கும். பிறகு? மறுபடியும் குழாய்தான்.

குஞ்சுகள் சுவரேறி நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு வேகமாகச் செவுளை அசைத்தால், தண்ணீரைச் சோதிக்கும் திரவத்தைத் தேடவேண்டாம். குளோரின் நீக்கிய, அதே வெப்பமுள்ள தண்ணீரால் உடனே பாதியை மாற்றுங்கள். சோதனையை அப்புறம் செய்யலாம்.

இடமாற்றம் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் மிச்சம். எனவே வேகமாக: வலையால் பிடிக்காதீர்கள், முள் சிக்கும், கோப்பையில் எடுங்கள். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்ததை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்கு ஒரு வருடம் போல ஆகும், மெதுவாகத்தான் வளரும். அனுப்புமுன் ஒரு நாள் உணவு நிறுத்துங்கள், பை இரட்டையாக இருக்கட்டும், முள் குத்தினால்

சரி, நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.