கதவைத் தட்டுபவரும் காகிதம் படிப்பவரும்

(இளம் இசைக் கலைஞர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இசைக் கலைஞருக்கு மேனேஜர் எதற்கு என்று பேசச் சொன்னார்கள். எனக்கு மேனேஜரே இருந்ததில்லை. அதனால்தான் கூப்பிட்டார்களோ என்னவோ.

இருபது வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். அட்வான்ஸ் பேசுவது, வேன் பிடிப்பது, மைக்செட்காரரிடம் கெஞ்சுவது, கடைசிப் பந்தி வரை காத்திருந்து பாக்கியை வாங்குவது, எல்லாம் நாங்களேதான். ஒரு வரவேற்பில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கைகாட்ட, அவர்கள் இவர்களைக் கைகாட்ட, ராத்திரி இரண்டு மணிக்குக் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். அன்றைக்கு என்னென்ன பாட்டு வாசித்தேன் என்பது மறந்துவிட்டது. பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு என்பது மறக்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு நான் வாசலில் நின்று பார்த்த அந்த வேலையை நமக்காகச் செய்பவர்தான் மேனேஜர். ஆனால் அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. கதவைத் தட்டுவது ஒன்று. திறந்த பிறகு உள்ளேயிருந்து நீட்டும் காகிதத்தைப் படிப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளுக்கு வந்துவிடும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக்குழுவின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் நகரில் குடும்பக் கடையின் இசைத்தட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1961 நவம்பர் 9 மதியம், பக்கத்திலிருந்த கேவர்ன் என்ற நிலவறை கிளப்பில் அந்தப் பையன்களைப் பார்த்தார். தோல் ஜாக்கெட், மேடையிலேயே சிகரெட், தீனி, பாட்டுக்கு நடுவில் அரட்டை. இவருக்கு வயது 27. அதுவரை யாருக்கும் மேனேஜராக இருந்ததில்லை. வந்ததும் சூட் தைத்துக் கொடுத்தார். மேடையில் தின்னக்கூடாது, பாட்டு முடிந்தால் சேர்ந்து குனிந்து வணங்க வேண்டும் என்றார்.

1962 ஜனவரி 1 அன்று டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் 15 பாட்டு பாடிக் காட்டினார்கள். கம்பெனி வேண்டாம் என்றது. நம்மில் பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். இவர் அந்த டேப்பை எடுத்துக்கொண்டு லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவிலிருந்த எச்.எம்.வி. இசைத்தட்டுக் கடைக்குப் போனார். டேப்பை இசைத்தட்டாக மாற்றிக்கொண்டால் போகிற இடத்திலெல்லாம் போட்டுக் காட்டலாமே, அதற்காக. தட்டு வெட்டிக் கொடுத்தவருக்குப் பாட்டு பிடித்துப்போனது. மாடியில் பாடல் உரிமை வாங்கும் அலுவலகம் ஒன்று இருந்தது, அங்கே சொன்னார். அங்கிருந்து இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் வழி பிறந்தது. அதிர்ஷ்டம்தான். ஆனால் டேப்போடு வீட்டுக்குத் திரும்பிப் போனவருக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைத்திருக்காது.

அமெரிக்காவில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மூன்று முறைக்கும் சேர்த்து வெறும் 10,000 டாலருக்கு ஒத்துக்கொண்டார். பணத்தில் இறங்கிவந்தவர், குழுவின் பெயர் முதலில் வரவேண்டும் என்பதில் மட்டும் இறங்கவில்லை. 1964 பிப்ரவரி 9 அன்று சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள்.

சரி, காகிதம்? இ.எம்.ஐ. ஒப்பந்தப்படி ஆறு ஷில்லிங்குக்கு மேல் விற்ற ஒரு சிங்கிள் தட்டுக்குக் குழுவின் நால்வருக்கும் சேர்த்து ஒரு பென்னி. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. தலைக்குக் கால் பென்னி. பீட்டில்ஸ் பெயரில் பொம்மை, விக், சட்டை விற்கும் உரிமையை, அவர் வக்கீல் வழியாக, 90 சதவீதம் எதிராளிக்கு, 10 சதவீதம் தங்களுக்கு என்று கொடுத்தார்கள். அமெரிக்காவே அந்த விக்கை மாட்டிக்கொண்டு திரிந்த நேரம் அது! பிறகு பங்கை உயர்த்தினார்கள் என்றாலும் போனது போனதுதான்.

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் நேர்மாறு. காகிதத்தை வரி வரியாகப் படிப்பார், தனக்காக. 1967இலிருந்து பல வரும்படிகளில் அவருக்குப் பாதி. 1973இல் பழைய பாட்டுகளின் ராயல்டி முழுவதையும் 54 லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ. கம்பெனிக்கு விற்றுவிட்டார். எல்விஸ் வாழ்நாளில் அமெரிக்காவுக்கு வெளியே கச்சேரி செய்தது 1957இல் கனடாவில் மட்டும். கர்னல் உண்மையில் நெதர்லாந்தில் பிறந்து, முறையான ஆவணமில்லாமல் அமெரிக்காவில் தங்கிவிட்டவர். வெளியே போனால் திரும்பிவர முடியாது என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மேனேஜர் 25 சதவீதம் கேட்கிறாரே, அதிகமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். எதில் 25 என்று அவரிடம் கேளுங்கள். ஒரு லட்சம் வசூல், அறுபதாயிரம் செலவு என்று வையுங்கள். செலவு போக மிச்சத்தில் 25 என்றால் உங்களுக்கு முப்பதாயிரம். மொத்த வசூலில் 25 என்றால் பதினைந்தாயிரம்தான். ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

எப்ஸ்டீன் 1967 ஆகஸ்ட் 27 அன்று இறந்தார், 32 வயதில். காகிதத்தில் ஏமாந்தவர்தான், ஆனாலும் நாலு பேருக்கும் பொதுவான ஆளாக இருந்தார். அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது என்பதிலேயே சண்டை மூண்டது. குழுவின் ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் ஆலன் க்ளைன் என்ற அமெரிக்க மேனேஜர் வேண்டும் என்றார்கள். நாலாமவரான பால் தன் மாமனார் வீட்டு வக்கீல்கள்தான் வேண்டும் என்றார். 1970 டிசம்பர் 31 அன்று குழுவின் கூட்டுத்தொழிலைக் கலைக்கச் சொல்லி பால் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பில் இருந்தது, கேவர்னின் புழுக்கத்தில் அவரோடு நின்று பாடிய ஜானும் ஜார்ஜும், அப்புறம் ரிங்கோவும்.